துணைக்குத்தான் ஆள் இருக்கிறதே!

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பெருமூளை வாதம் கொண்ட ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு, 2009-இல், தன் நாயோடு பள்ளிக்கு வர அனுமதி மறுக்கப்பட்டது. கதவைத் திறக்க, விளக்கைப் போட, கீழே விழுந்ததை எடுத்துத் தர, கழிப்பறையில் அவள் இடம் மாறும்போது துணைநிற்கப் பழக்கப்பட்ட நாய் அது. பள்ளி சொன்ன காரணம் இதுதான்: அவளுக்கு உதவத்தான் ஓர் ஆளைப் போட்டிருக்கிறோமே!

நாம் கேட்டுக் கேட்டுச் சலித்த பதில் இது. ‘அண்ணன் கூட்டிப் போவான், உனக்கென்ன குறை?’ என்று வீடு சொல்வதும் இதையேதான். உதவி கிடைக்கிறதா என்று கணக்குப் பார்ப்பவர்கள், அது யார் பிடியில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. உதவியாள் நிர்வாகத்தின் சொல்லுக்கு வருவார், போவார். நாய் அவள் சொல்லுக்கு வரும். தன் உடலை யார், எப்போது தொடலாம் என்று முடிவுசெய்ய மாற்றுத்திறனாளிப் பெண்ணுக்கு உரிமை உண்டா, இல்லையா? கேள்வி அவ்வளவுதான்.

‘உன்னைத் தூக்கிச் செல்ல ஆள் இருக்கிறது, சக்கர நாற்காலி எதற்கு?’ என்று யாரும் கேட்கத் துணியமாட்டார்கள். பள்ளி செய்தது அதற்கு ஒப்பானதே என்று 2012-இல் அந்நாட்டுக் கல்வித் துறையின் குடிமை உரிமை அலுவலகம் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017-இல் தீர்ப்பெழுதிய நீதிபதி எலினா ககன் ஓர் உரைகல்லைத் தந்தார்: இதே மறுப்பை ஒரு பொது நூலகம் செய்திருந்தாலும் இதே வழக்கைப் போட முடியுமா? முடியுமென்றால், இது பாடம் பற்றிய தகராறு அல்ல, பாகுபாடு பற்றியதாக இருக்கக்கூடும். அந்தத் தீர்ப்பும் நாய்க்கு அனுமதி தரவில்லை. வழக்கைத் தொடரவே வழி திறந்தது. அதற்கே எட்டு ஆண்டுகள்.

இத்தனைக்கும் அங்கே 1990 முதல் சட்டம் இருக்கிறது. அதன் விதிகளின்படி இரண்டே கேள்விகள் கேட்கலாம்: உடற்குறையின் காரணமாக இந்த நாய் தேவையா? என்ன வேலைக்குப் பழக்கப்பட்டது? சான்றிதழ் கேட்கக் கூடாது. ‘உனக்கு என்ன நோய்?’ என்று துருவக் கூடாது. அடுத்தவருக்கு நாய் பயம், ஒவ்வாமை என்பதும் மறுக்கக் காரணமாகாது. அடங்காத நாயை வெளியேற்றலாம். அதற்கும் விதி உண்டு.

ஆகவே, உதவி விலங்கை அங்கீகரிக்கும் எந்தச் சட்டத்திலும் இந்த வரி இருந்தாக வேண்டும்: வேறு ஆள் இருக்கிறது என்று சொல்லி மறுப்பது குற்றம். இந்த வரி இல்லாத சட்டம், கதவைத் திறந்துவிட்டு வாசலில் காவலுக்கு ஆள் வைப்பதுதான்.