ஒரு கையெழுத்துக்கு ஒரு பேர்

கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டம் ஒன்றின் அடிவாரத்தில் இருக்கும் பாடசாலை. தரம் 7இன் தவணைக் கூட்டம், காலை பத்து மணிக்கு. முப்பது கதிரை போட்டிருந்தார்கள். ஒன்பது பேர் வந்திருந்தார்கள். வெறுங்கதிரைகளைக் காட்டி ஆசிரியர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "பாத்தீங்கதானே? இதுகளுக்குப் பிள்ளை படிச்சா என்ன, படிக்காட்டி என்ன?" அவரும் லயத்துக் காம்பராவில் பிறந்தவர்தான்.

பத்தே முக்காலுக்கு ஒரு அம்மா வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். "என் மரத்துப் பாலையும் சேத்து எடுக்கச் சொல்லிட்டு ஓடியாந்தேன் சேர்" என்றார். விரல்களில் காய்ந்திருந்த இறப்பர்ப் பாலைத் தோல் தோலாக உரித்து உருட்டியபடியே நின்றார். பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டுமே, ஏட்டில் ஒட்டிவிடக் கூடாதே என்ற கவனம். மகன் வகுப்பில் வாய் திறப்பதில்லை, கணிதத்தில் பன்னிரண்டு புள்ளி, வீட்டில் கண்டித்து வையுங்கள். மூன்று நிமிடத்தில் பேச்சு முடிந்தது. எழுத்தெழுத்தாகத் தன் பெயரை வரைந்துவிட்டு அவர் மறுபடி மலைக்கு ஓடினார்.

"தோட்டத்துப் பெற்றோருக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை இல்லை." இந்த வாக்கியத்தை அதிபர் அறையில் கேட்டிருக்கிறேன். கல்வி அலுவலக வாசலில், டவுன் பஸ்ஸில், தொழிற்சங்க மேடையில் கேட்டிருக்கிறேன். இப்போது லயத்து இஸ்தோப்பிலேயே கேட்கிறேன்: "நம்ம சனத்துக்கு அக்கறை பத்தாது." சொல்கிறவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்ல. ஆனால் சொல்லப்படுவது பொய். எல்லோருக்கும் வசதியாக இருப்பதால்தான் அது இத்தனை காலம் நிலைத்திருக்கிறது. குற்றத்தை அம்மாவின் தலையில் வைத்துவிட்டால், வேறு யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

முதலில் அந்தக் கதிரைகளின் கணக்கு. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று சொல்வார்கள். வேலைப் பதிவேடான செக்றோலில் பேர் விழுந்தால் கூலி. கிலோ குறைந்தால் அரைப்பேர். மலைக்குப் போகாவிட்டால் ஒன்றுமில்லை. நாட்கூலியை 1000 ரூபாயாக்க ஆண்டுக்கணக்கில் போராடி, 2021இல்தான் அது கிடைத்தது. 2024இல் அடிப்படைக் கூலி 1350 ஆனது. வீட்டில் இரண்டு பிள்ளை, ஆண்டுக்கு மூன்று தவணை என்றால் ஆறு கூட்டம். ஆறு பேர். அந்தக் கூலியில் 8100 ரூபாய். பஸ் காசு இதில் சேரவில்லை. கூட்டம் நடத்துகிற ஆசிரியர் தன் பிள்ளையின் பாடசாலைக் கூட்டத்துக்குப் போனால் சம்பளத்தோடு லீவு உண்டு. ஒருவர் அக்கறையைக் காசில்லாமல் காட்டலாம். மற்றவர் அதற்கு ஒரு நாள் கூலியைக் கட்ட வேண்டும். இரண்டு பேரையும் ஒரே பதிவேட்டில் வைத்து அளப்பது என்ன நியாயம்?

பத்து மணி யாருடைய நேரம் என்றும் பார்க்க வேண்டும். இறப்பர் மரத்தை வெயில் ஏறுமுன் வெட்ட வேண்டும். வெட்டி முடித்து, சிரட்டைகளில் நிறைந்த பாலை வாளியில் சேர்க்கிற நேரம் முற்பகல், விட்டால் உறைந்துபோகும். தேயிலை மலையிலும் அந்நேரம் கொழுந்தை விட்டு நகர முடியாது. தோட்டத்தின் உயிர்நாடியான நேரத்தில் கூட்டத்தை வைத்துவிட்டு, வராதவர்களை எண்ணிப் பார்த்து, "அக்கறை இல்லை" என்று எழுதுகிறோம். அந்தக் காலியான கதிரைகள் தெரிவிப்பது நேரசூசி போட்டவரின் அறியாமையைத்தான்.

அக்கறைக்கு அத்தாட்சி வேண்டுமென்றால் திங்கட்கிழமை காலையில் பிள்ளையின் சட்டையைப் பாருங்கள். இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்து மழை தெரிந்தவர்களுக்கு அங்கே ஒரு வெள்ளைச் சட்டை காய்வது எத்தனை பாடு என்று தெரியும். வெளியே வெயில் இல்லை. அடுப்புக்கு மேலே அம்மா கொடி கட்டி, இரவெல்லாம் திருப்பித் திருப்பிப் போட்டுக் காயவைக்கிறாள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, வழியில் அட்டை கடிக்காமல் இருக்கக் காலுக்குச் சவர்க்காரம் பூசி அனுப்புகிறாள். பிறகு காலைப் பெயர் அழைப்பான பிரட்டுக்கு ஓடுகிறாள். இதற்கெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் கையெழுத்து இல்லை.

அந்தச் சட்டையில் புகை மணக்கும். பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளி உட்காரும். அம்மாவின் அக்கறை வகுப்பறைக்குள் வந்ததும் அவமானமாக மாறுவது இப்படித்தான். பதினொன்று, பன்னிரண்டு வயது. சின்ன வகுப்பில் இதைப் பொருட்படுத்தாத பிள்ளை, இந்த வயதில் கூனிக் குறுகும். மற்றவர்கள் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதுதான் அந்த வயதின் முதற்பாடம். கணிதமும் விஞ்ஞானமும் அதற்குப் பிறகுதான். வாய் திறக்காத மகனைப் பற்றி அந்த அம்மாவிடம் முறையிட்ட பாடசாலை, அவன் ஏன் வாய் திறப்பதில்லை என்று தன்னைக் கேட்டிருக்க வேண்டும்.

இந்தப் பிள்ளைகளுக்குப் பத்து வயதில் தட்டுப்படுகிற சுவர் ஒன்று இருக்கிறது. அதைக் கட்டியவர்கள் பெற்றோர் இல்லை. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத் துரைமார் மீது சுமத்திய கடமை, 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதுதான். பத்து தாண்டியவன் மலைக்கு உரியவன். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. 1948இன் குடியுரிமைச் சட்டம் பெற்றோரையே நாடற்றவர்கள் ஆக்கியது. தோட்டங்கள் 1972, 1975 நிலச்சீர்திருத்தங்களில் அரசுடைமையாகி, எழுபதுகளின் கடைசியிலிருந்துதான் இந்தப் பள்ளிகள் படிப்படியாக அரசின் கீழ் வந்தன. இன்றைக்கும் கேகாலையும் இரத்தினபுரியும் அடங்கிய சப்ரகமுவவின் பல தோட்டப் பாடசாலைகள் தரம் 5உடன் முடிகின்றன. தரம் 5இல் படிக்கும் பிள்ளைக்கு வயது பத்து. நூறு ஆண்டுக்கு முன் வெள்ளைக்காரன் போட்ட கோடு போட்ட இடத்திலேயே கிடக்கிறது. 2016 முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி என்கிறது சட்டம். பத்தோடு பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு, பதினாறு வரை அனுப்பவில்லை என்று பெற்றோரைக் குறை சொல்வது பாலத்தை உடைத்துவிட்டு ஆற்றைத் தாண்டவில்லையே என்று கேட்பது போன்றது.

நுவரெலியாவில் தோட்டத்தை அடுத்துத் தோட்டம். சப்ரகமுவ அப்படி இல்லை. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இரக்வானை, காவத்தை, பலாங்கொடை என்று எங்கும் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு இடையே சிதறிக் கிடக்கின்றன. தரம் 6க்குத் தமிழ்ப் பாடசாலை வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாறி டவுனுக்குப் போக வேண்டும். பக்கத்தில் இருப்பது சிங்களப் பாடசாலை. பெற்றோர் அங்கே சேர்க்கிறார்கள். தமிழில் எண்ணி, தமிழில் கனவு கண்ட பிள்ளை, ஒரு டிசம்பர் விடுமுறை முடிந்து வந்ததும் விஞ்ஞானத்தையும் வரலாற்றையும் வேறு மொழியில் கேட்கிறது. விளங்காதபோது கேட்கவும் அதற்குச் சொல் இல்லை. மூன்று மாதத்தில் 'மக்கு' என்று பெயர் வந்துவிடுகிறது. வீட்டுப் பாடத்தைப் பார்க்க அம்மாவுக்குச் சிங்கள எழுத்துத் தெரியாது. அதையும் அக்கறை இல்லாதவர் கணக்கில்தான் எழுதுகிறார்கள்! தனக்கே வாசிக்கத் தெரியாத மொழியில் பிள்ளை படித்து முன்னேறட்டும் என்று துணிந்தவளுக்கு இல்லாத அக்கறை வேறு யாருக்கு இருக்கும்?

பிள்ளையின் மனத்தில் வேறு பாரங்களும் உண்டு. 1981 ஆகஸ்டில், தமிழருக்கு எதிரான வன்முறையில், இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தன. குடும்பம் குடும்பமாக வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். போகாமல் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று தரம் 7இல் இருக்கிறார்கள். "பஸ்ஸுல சத்தமாப் பேசாத" என்று பாட்டி சொல்வது எதனால் என்று அவர்களுக்குத் தெரியாது. பயம் மட்டும் தெரியும். 2016 மே மாதம் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து, புலத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயமும் மண்ணுக்குள் போனபிறகு, மழை இரவுகளில் உறங்காத பிள்ளைகள் உண்டு. காலையில் வகுப்பில் தூங்கிவழிகிறவனுக்குப் பிரம்படி. அந்தப் பிரம்பைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005இலேயே தடை செய்தது. மாணவனின் காதில் அறைந்த ஆசிரியர் இழப்பீடு கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. ஆனாலும் கூட்டத்தில் அம்மாவிடம் சொல்லி அனுப்புவது "கண்டித்து வையுங்கள்" என்றுதான். அவள் என்ன செய்வாள்? ஒரு நாள் கூலியை இழந்து வாங்கி வந்த குற்றப்பத்திரிகை அது. வீட்டுக்குப் போய் நாலு போடு போடுவாள். பாடசாலை அவளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே அக்கறை அதுதான்.

அக்கறை இல்லாத பெற்றோரே தோட்டத்தில் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறார்கள். சம்பள நாளில் தவறணையிலேயே கிடக்கிற அப்பன் இருக்கிறான். பதின்மூன்று வயதில் மகனைக் கொழும்புக் கடைக்கும் இரத்தினபுரி மாணிக்கக் குழிக்கும் அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் மூடி மறைக்கவில்லை. ஆனால் குடிக்கிற டாக்டரும் பிள்ளையைத் திரும்பிப் பார்க்காத வியாபாரியும் டவுனில் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டு "டவுன் சனத்துக்கு அக்கறை இல்லை" என்று யாரும் சொல்வதில்லை. அங்கே தவறு ஒரு ஆளின் தவறு. இங்கே மட்டும் அது ஒரு சனத்தின் குணமாகிவிடுகிறது.  இந்த வழக்கத்தை நாம் துரைமாரிடமிருந்து கற்றோம்.

இந்தப் பொய்யின் கடைசிக் கேடு, பெற்றோர் அதை நம்பிவிடுவது. "நமக்கு எழுத்துத் தெரியாது, நம்ம என்ன செய்ய" என்று அம்மா ஒதுங்கிவிடுகிறாள். எழுத்துத் தெரியாத அம்மாவும் ஒரு காரியம் செய்யலாம். ரொட்டி தட்டுகிற நேரத்தில் பிள்ளையை அடுப்படியில் உட்கார வைத்து, "இன்னைக்கு டீச்சர் சொன்னத எனக்குச் சொல்லு" என்று கேட்கலாம். சிங்களத்தில் கேட்டதைத் தமிழில் அம்மாவுக்கு விளங்கவைக்க முயல்கிற பிள்ளை, அந்தப் பாடத்தை இரண்டாம் முறை படிக்கிறது. விளங்காத இடத்தில் அதன் நாக்குத் தடுக்கும். நாளை எதைக் கேட்க வேண்டும் என்று அதற்கே தெரிந்துவிடும். அதைவிட முக்கியம், பகல் முழுதும் வாய் மூடியிருந்த பிள்ளை ஒரு இடத்திலாவது பேசுகிறது. புள்ளி குறைந்த அன்றைக்கும் இப்படிக் கேளுங்கள், அம்மா. அன்றைக்குத்தான் முக்கியமாகக் கேட்க வேண்டும்.

மற்றவை பெற்றோரின் கையில் இல்லை. தரம் 5உடன் நிற்கும் பாடசாலைகளில் தரம் 6ஐத் திறக்க வேண்டியது மாகாணக் கல்வித் திணைக்களம். மாதா மாதம் சந்தா பிடிக்கிற சங்கங்கள், சம்பளப் பேச்சில் தவணைக் கூட்ட நாளில் பேர் வெட்டப்படாது என்ற ஒரு வரியையும் கேட்டு வாங்க வேண்டும். இதற்கெல்லாம் காலம் எடுக்கும். நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அது அதிபரின் கையில் இருக்கிறது. அடுத்த கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வையுங்கள். முடிந்தால் பிள்ளைக்காம்பரா முற்றத்தில் வையுங்கள். பிள்ளையின் குறையைச் சொல்லுமுன் அதன் நல்லது ஒன்றைச் சொல்லுங்கள். பிறகு கதிரைகளை எண்ணுங்கள். எண்ணி முடித்துவிட்டு வாருங்கள், அக்கறையைப் பற்றிப் பேசுவோம்.