சலாம் சொல்லி உள்ளே வாருங்கள்



எமது மூத்த மகள் பேராதனையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சென்ற வருடம் ஓர் இரவு தொலைபேசியில் அழுதாள். மறுநாள் காலையில் ஒப்படைக்க வேண்டிய கட்டுரை தெல்தோட்டையில் வீட்டுக் கம்பியூட்டரில் இருந்தது. கலஹா வழியாக மலைப்பாதையில் வரும் கடைசி பஸ்ஸும் போய்விட்டது. அவளது உம்மா திரையின் முன் அமர்ந்து ஃபைல்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். "அது இல்ல உம்மா, அதுக்குக் கீழ உள்ளது" என்று மகள் சொல்லிக்கொண்டே இருந்தாள். இஷா தொழுது நெடுநேரமாகியும் அந்த வேலை முடியவில்லை.

அடுத்த விடுமுறையில் வந்தவள் அதற்கு ஒரு வழி செய்துவிட்டுப் போனாள். அதுதான் 'ரிமோட் டெஸ்க்டொப்'. வீட்டுக் கம்பியூட்டரின் திரையைத் தூரத்திலிருக்கும் இன்னொரு கம்பியூட்டரிலோ கைத்தொலைபேசியிலோ கண்டு, பக்கத்தில் அமர்ந்திருப்பது போலவே இயக்கும் வசதி. தோஹாவிலும் ரியாதிலும் தொழில் செய்யும் பிள்ளைகளைக் கொண்ட வீடுகளுக்கும் இது பெரிதும் பயன்படும். உம்மாவுக்குப் புரியாத ஒரு படிவத்தை மகன் அங்கிருந்தே நிரப்பிக் கொடுக்கலாம்.

எங்கள் மகள் பயன்படுத்தியது கூகுளின் குரோம் ரிமோட் டெஸ்க்டொப். அது இலவசமானது. வீட்டுக் கம்பியூட்டரில் குரோம் மூலம் அதை நிறுவி, கம்பியூட்டருக்கு ஒரு பெயரிட்டு, குறைந்தது ஆறு இலக்கங்கள் கொண்ட இரகசிய எண்ணொன்றைக் கொடுக்க வேண்டும். பின்னர் தூரத்திலிருந்து அதே கூகுள் கணக்கில் நுழைந்து, அந்த எண்ணைக் கொடுத்தால் வீட்டுத் திரை தோன்றும். விண்டோஸிலும் இத்தகைய வசதி 2001இல் வெளியான எக்ஸ்பி காலம் முதல் உண்டு. ஆயினும் வீட்டுப் பாவனைக்கான 'ஹோம்' பதிப்பு, வெளியிலிருந்து வரும் அவ்விணைப்பை ஏற்காது. அதற்கு 'ப்ரோ' பதிப்பு வேண்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். கம்பியூட்டர் இயங்கிக்கொண்டிருந்தால் மட்டுமே இது நடக்கும். அது தானாக உறங்கிவிடாதபடி மின்சக்தி அமைப்பில் மாற்றிவிட வேண்டும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. மின்சாரம் போனால் அந்தக் கதவும் மூடிக்கொள்ளும். எனவே மிக அவசியமான ஃபைல்களுக்கு வேறொரு பிரதியும் இருக்கட்டும்.

இனி, இதை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகிறேன். ஒரு நாள் பகல், லுஹருக்குப் பின், என் மனைவி முன்னறையைக் கூட்டிக்கொண்டிருந்தார். யாரும் தொடாமலே திரையில் அம்புக்குறி நகர்ந்தது, ஒரு ஃபைல் திறந்தது. பதறிப்போய் என்னை அழைத்தார். வந்திருந்தது மகள்தான். அன்றிரவு அவளிடம் உம்மா கோபிக்கவில்லை. "சலாம் சொல்லாம ஊட்டுக்குள்ள வந்திட்டியே மகள்" என்று மட்டும் சொன்னார்.

நான் வருடக்கணக்காக மாணவர்களுக்குக் கற்பிக்கும் பாடம் அது. பிறர் வீட்டில் அனுமதி பெற்று, சலாம் கூறியே நுழைய வேண்டும் என்று சூரா அந்நூரின் 27ஆம் வசனம் பணிக்கிறது. அதே சூராவின் 58ஆம், 59ஆம் வசனங்கள் ஒரே வீட்டில் வாழ்வோருக்கும் அனுமதியின் ஒழுங்கைக் கற்பிக்கின்றன. பஜ்ருக்கு முன், நண்பகலில் ஆடை களைந்து ஓய்வெடுக்கும் நேரம், இஷாவுக்குப் பின் ஆகியவை அந்தரங்க நேரங்கள். பிள்ளைகள் பருவமடைந்ததும், பெரியவர்களைப் போலவே அவர்களும் அனுமதி கேட்க வேண்டும். அன்று கதவு மரத்தால் செய்யப்பட்டது. இன்று அது திரையிலும் இருக்கிறது. கம்பியூட்டரில் குடும்பப் படங்கள் இருக்கின்றன, சில கம்பியூட்டர்களில் கெமராவும் இருக்கிறது. மகனாயினும் கணவராயினும், "இப்போது வரலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இணைவதே முறை. கேட்கும்படி சொல்வதற்கு வீட்டிலிருக்கும் உங்களுக்கு உரிமை உண்டு.

சொந்தப் பிள்ளைக்கே இவ்வளவு என்றால், அந்நியனுக்கு? எமதூர்ச் சகோதரி ஒருவருக்கு ஓர் அழைப்பு வந்தது. "உங்கள் கம்பியூட்டரில் வைரஸ் இருக்கிறது. எனிடெஸ்க்கை இறக்கி, அதில் தோன்றும் இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்றானாம் ஒருவன். எனிடெஸ்க் நல்ல மென்பொருள்தான். ஆனால் அந்த இலக்கத்தைச் சொல்லி, திரையில் கேட்கும் அனுமதியையும் கொடுத்தால் வீட்டுத் திறப்பைக் கொடுத்ததற்குச் சமம். இவ்வாறு பணம் பறிக்கப்படுவது குறித்து இந்திய ரிசேர்வ் வங்கி 2019 பெப்ரவரியிலேயே எச்சரித்திருந்தது. நல்ல வேளையாக அந்தச் சகோதரி, "மகனிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று தொலைபேசியை வைத்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ்!

எனவே சகோதரிகளே, இவற்றைக் கவனத்திற்கொள்ளுங்கள். தானாக அழைப்பவருக்கு ஒருபோதும் இலக்கம் சொல்லாதீர்கள். நீங்களே அறிந்த ஒருவரிடம் உதவி கேட்டு அழைத்தால் மட்டும் சொல்லுங்கள். இரகசிய எண்ணைப் பிறந்த திகதியாகவோ 123456 ஆகவோ வைக்காதீர்கள். கூகுள் கணக்குக்கு இருபடிச் சரிபார்ப்பை இட்டுவையுங்கள். வெளியிலிருந்து நேரடியாக வருவதற்காக ரவுட்டரில் 3389 என்ற வாசலைத் திறந்துவைக்கும்படி எவராவது கூறினால் இணங்காதீர்கள். திருடர்கள் உலகெங்கும் தேடித் தட்டிப் பார்க்கும் வாசல் அது. 2019 மே மாதத்தில் இவ்வசதியில் பாரதூரமான ஓர் ஓட்டை கண்டறியப்பட்டபோது, 2014இலேயே ஆதரவை நிறுத்திவிட்ட எக்ஸ்பிக்கும் கூட மைக்ரோசொப்ட் திருத்தம் வெளியிட நேர்ந்தது. கம்பியூட்டர் கேட்கும் திருத்தங்களைத் தள்ளிப்போடாதீர்கள். வேலை முடிந்து தேவையில்லாதபோது இணைப்பு வசதியை நிறுத்திவிடுங்கள்.

தவறி எவனுக்கேனும் இடம் கொடுத்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். உடனே வங்கிக்கு அறிவியுங்கள். வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்தின் 101 என்ற இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். அனுமதியின்றிப் பிறர் கம்பியூட்டரில் நுழைவது, 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி நம் நாட்டில் தண்டனைக்குரிய குற்றமாகும்.

எங்கள் மகள் இப்போதும் வருகிறாள். வருமுன் வட்ஸ்அப்பில் ஒரு சலாம் வருகிறது. "வா மகள்" என்று உம்மா பதில் அனுப்புகிறார். அதன் பிறகுதான் அந்த அம்புக்குறி நகர்கிறது.