மூடாத குழி யார் வீட்டுப் பிள்ளைக்கு?



2019 அக்டோபர் 25. திருச்சி மாவட்டம் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டி. தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கையில், இரண்டு வயதுக் குழந்தை ஒன்று கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. முதலில் 26 அடியில் சிக்கியிருந்த பிள்ளை பிறகு 88 அடிக்குச் சரிந்து போனது. பக்கத்திலேயே இன்னொரு குழி தோண்டினார்கள். அடியில் பாறை. பெரிய பெரிய இயந்திரங்கள் வந்தன, மந்திரிகள் வந்தார்கள், டிவிக்காரர்கள் வந்தார்கள். ஊரெல்லாம் தீபாவளி கொண்டாடிய நாளிலும் அந்தத் தாய் குழிக்குப் பக்கத்தில் காத்திருந்தாள். எண்பது மணி நேரத்துக்கு மேல் போராடி, 29-ஆம் தேதி விடியற்காலையில் சடலத்தைத்தான் எடுத்தார்கள்.

அது யார் நிலம்? பண்ணையார் நிலமா? கம்பெனி நிலமா? இல்லை. அந்தக் குடும்பத்தின் சொந்த நிலம்! நம்மைப் போன்ற ஒரு சிறு விவசாயியின் நிலம்!

அது நடுக்காட்டுப்பட்டியோடு முடிந்த கதையா? 2006-இல் அரியானா மாநிலம் குருசேத்திரம் பக்கம் விழுந்த ஐந்து வயதுச் சிறுவனை ஐம்பது மணி நேரம் போராடி உயிரோடு எடுத்தார்கள். 2014-இல் சங்கரன்கோவில் அருகே விழுந்த குழந்தையை மதுரையில் உருவான கருவியால் உயிரோடு மீட்டார்கள். ஆனால் பிழைத்தவர்களை விட பிழைக்காதவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு சாவுக்கும் நாலு நாள் கண்ணீர், ஒரு சுற்றறிக்கை, அப்புறம் மறதி. குழி மட்டும் அப்படியே கிடக்கிறது.

நம்ம திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கம் நடப்பதைப் பார்ப்போம். நந்தியாற்றிலும் கொசஸ்தலையிலும் எத்தனை நாள் தண்ணீர் ஓடுகிறது? கிணறு வற்றிப் போச்சு. கரும்பும் வேர்க்கடலையும் காய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? நகையை அடகு வைக்கிறோம். தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறோம். இரவோடு இரவாக போர் வண்டி வருகிறது. அடிக் கணக்கில் கூலி. முந்நூறு, ஐநூறு, எழுநூறு அடி போகிறது. வெறும் புழுதிதான் கிளம்புகிறது. வண்டிக்காரர் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு விடிவதற்குள் போய்விடுகிறார். "கேசிங் பைப்பாவது மிஞ்சட்டும்" என்று அதையும் நாம் உருவி எடுத்துக்கொள்கிறோம். குழியின் வாயில் ஒரு சாக்கு, மேலே ஒரு கல். அவ்வளவுதான் மூடி!

மழை பெய்தால் வாய் சரிந்து அகலமாகிறது. ஆடு மேய்க்கிற பையன் கல்லைத் தள்ளிவிடுகிறான். சாக்கு மட்கிப் போகிறது. புல் முளைத்து மறைத்துக்கொள்கிறது. நாலரை இஞ்சு, ஆறரை இஞ்சுக் குழிதானே என்கிறோம். அந்தக் குழிக்குள்தான் குழந்தைகள் போகிறார்கள்!

முதலில் நம்மைப் பற்றிய உண்மையைப் பேசுவோம். குழி நம்முடையது என்றால் பொறுப்பும் நம்முடையதே. "என் நிலத்துக்குள் யார் வரச் சொன்னது?" என்று கேட்பவர்கள் உண்டு. பெரியவர் ஒருவர் அத்துமீறி வந்தால் அந்தக் கேள்வியைக் கேட்கலாம். இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பட்டா தெரியுமா? சர்வே கல் தெரியுமா? இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை நீதிமன்றம் 1920-களின் தொடக்கத்திலேயே இதைப் பேசிவிட்டது. கிளாஸ்கோ நகராட்சிப் பூங்காவில் விஷப் பழத்தைத் தின்று ஏழு வயதுச் சிறுவன் செத்தான். ஆசை காட்டும் ஆபத்தைக் குழந்தை கைக்கு எட்டும்படி விட்டால் நிலத்துக்குரியவர் பதில் சொல்ல வேண்டும், பெரியவருக்குப் போதுமான எச்சரிக்கை குழந்தைக்குப் போதாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். வெள்ளைக்காரன் சொன்னான் என்பதற்காக அல்ல, நியாயம் என்பதற்காக இதை ஏற்கிறோம்.

சட்டமும் நம்மைத்தான் முதலில் பிடிக்கும். கவனக்குறைவால் மரணம் என்றால் பழைய 304-ஏ பிரிவில் இரண்டு ஆண்டு வரை தண்டனை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில் அது ஐந்து ஆண்டு வரை. பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரலாம்!

ஆனால், பொறுப்பு நம்மோடு முடிந்துவிடுகிறதா? இங்கேதான் நாம் உரக்கக் கேட்கிறோம்!

2010 பிப்ரவரி 11-இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு என்ன சொல்கிறது? போர் போடுவதற்கு 15 நாள் முன்பே நில உரிமையாளர் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். சரி, அது நம் கடமை. ஆனால் போர் போடும் நிறுவனங்கள் எல்லாம் பதிவு செய்திருக்க வேண்டும் என்கிறதே! போடும் இடத்தில் உரிமையாளர் பெயரோடு நிறுவனத்தின் முகவரியும் பலகையில் இருக்க வேண்டும் என்கிறதே! சுற்றிலும் முள்வேலி, கேசிங் பைப்பைச் சுற்றி தரைக்கு மேல் 0.30 மீட்டரும் கீழே 0.30 மீட்டருமாக சிமெண்ட் மேடை, வாயில் வெல்டிங் அடித்த இரும்புத் தகடு அல்லது போல்ட் போட்ட மூடி. கைவிட்ட குழியை அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும். எத்தனை போர் ஓடுகிறது, எத்தனை திறந்து கிடக்கிறது, எத்தனை மூடியாச்சு என்று கிராம வாரியாகக் கணக்கு வைக்க வேண்டும். இதையெல்லாம் கண்காணிக்கும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருக்கு! தமிழ்நாட்டிலும் ஊராட்சிகளுக்கென்று 2015-இல் தனி விதிகளே வந்துவிட்டன.

அந்தக் கணக்கு எங்கே? ஒரு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டோம். "அது எங்க செக்‌ஷன் இல்ல" என்றார்கள். அடுத்த அலுவலகத்துக்குப் போனோம். "மனு குடுத்துட்டுப் போங்க" என்றார்கள். குழந்தை விழுந்த பிறகு நம் வீட்டு வாசலுக்கு வழி தெரிகிறவர்களுக்கு, விழுவதற்கு முன் நம் வயலுக்கு வழி தெரியாதா?

நாம் எல்லையில் இருக்கிறவர்கள். 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கோடு ஆபீசில் இருக்கிறது, போர் வண்டிக்கு ஏது கோடு? திருச்செங்கோட்டு வண்டியும் வருகிறது, நகரி, புத்தூர்ப் பக்கத்து வண்டியும் வருகிறது. ஆந்திராவில் 2002 முதல் 'வால்டா' சட்டம் உண்டு, அங்கேயும் ரிக் வண்டி பதிவு செய்ய வேண்டும். இரண்டு பக்கமும் சட்டம் இருந்தும் குழியை மூடாமல் போகும் வண்டியை யார் மறிக்கிறார்கள்? அடிக்கு இவ்வளவு என்று காசு வாங்கத் தெரிந்தவருக்கு, தண்ணீர் வராத குழியை மூடிவிட்டுப் போகும் பொறுப்பு இல்லையா?

இன்னொன்று. மனை போடுவதற்கென்று நிலத்தை வாங்கிப்போட்டு பட்டணத்தில் உட்கார்ந்திருக்கும் முதலாளிகளின் நிலத்திலும் பழைய குழிகள் கிடக்கின்றன. நம் பிள்ளைகள் விளையாடுவது அங்கேதான். சிறு விவசாயிக்கு ஒரு நோட்டீஸ், அவர்களுக்கு ஒரு கும்பிடா?

மூடுவதற்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஆறரை இஞ்சுக் குழி, அறுநூறு அடி ஆழம் என்றாலும் உள்ளே கொள்வது சுமார் 140 கன அடி மண்தான். யூனிட் கணக்கில் ஒன்றரை யூனிட் கூட இல்லை! போர் போட்டபோது வெளியே வந்த மண்ணே பக்கத்தில் குவிந்து கிடக்கும். அதையே திரும்பத் தள்ளலாம். மேலோட்டமாகக் கொட்டினால் நடுவில் அடைத்துக்கொண்டு பிறகு அமுங்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, தண்ணீர் விட்டு இறக்கி, ஒரு மழை போன பிறகு மறுபடி பார்த்து நிரப்ப வேண்டும். பல லட்சம் போட்டுக் குழி தோண்டியவர்கள், ஒன்றரை லோடு மண்ணுக்குக் கணக்குப் பார்த்து ஒரு பிள்ளையைப் பலி கொடுக்கலாமா?

எனவே நமது கோரிக்கைகள்:

1. ஊராட்சி தோறும் போர்களின் பட்டியலைத் தயாரித்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிப் போடு!

2. பதிவு இல்லாத போர் வண்டியை ஊருக்குள் விடாதே! தண்ணீர் வராத குழியை மூடித் தரும் பொறுப்பை வண்டி உரிமையாளருக்கும் சேர்த்துச் சுமத்து!

3. சிறு குறு விவசாயிகளின் கைவிட்ட குழிகளை அரசு செலவில் மூடு! வாய்ப்புள்ள இடத்தில் பாதுகாப்பான மூடியோடு மழைநீர் சேகரிப்புக் கிணறாக மாற்றிக் கொடு!

4. தரிசாகக் கிடக்கும் மனை நிலங்களில் உள்ள குழிகளுக்கு அதன் உரிமையாளர்களைப் பொறுப்பாக்கு!

5. கைப்பிடிச் சுவர் இல்லாத பாசனக் கிணறுகளுக்குச் சுவர் கட்ட மானியம் கொடு!

விவசாயப் பெருமக்களே! கோரிக்கை வைப்பதற்கு முன் நம் கை சுத்தமாக இருக்க வேண்டும். நம் சங்க உறுப்பினர் ஒருவர் நிலத்திலும் திறந்த குழி இருக்கக் கூடாது. பணம் இல்லாதவர் சொல்லட்டும், கிளை சார்பில் ஆள் சேர்ந்து மூடுவோம். குத்தகைக்கு உழுபவர் நில உரிமையாளரிடம் இன்றே பேசட்டும். மோட்டாரைப் பழுது பார்க்க மேலே தூக்கினால், அந்த ஒரு ராத்திரிக்குக் கூட வாயைத் திறந்து போடாதீர்கள்.

அடுத்து வரும் கிராம சபையில் தலைவர் இருந்தாலும் சரி, தனி அலுவலர் இருந்தாலும் சரி, எழுந்து நின்று கேளுங்கள்: "நம்ம ஊர்ல எத்தனை குழி திறந்து கிடக்கு?" பதில் வரும் வரை உட்காராதீர்கள். தீர்மானத்தை எழுத வைத்து, திங்கட்கிழமை குறைதீர் நாளில் திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்துக்குக் கையில் எடுத்துக்கொண்டு போவோம்.

நம் குழியை நாம் மூடுவோம்!
அரசின் கடமையைச் செய்ய வைப்போம்!
இனி ஒரு பிள்ளையும் மண்ணுக்குள் போகக் கூடாது!

அணி திரள்வீர்! வாரீர்! வாரீர்!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்,
திருத்தணி வட்டம்.