சக்கரமும் சாயமும்

அடிபட்ட கார்ச் சக்கரத்தை வீட்டு முற்றத்திலேயே பழுது பார்க்கலாமா என்று நம் விடுதியில் அண்மையில் ஒரு வழக்கு எழுந்தது. "செய்யலாம், காசு மிச்சம்" என்றது ஒரு கட்சி. "படிக்கிற பிள்ளைகளுக்கு அந்தக் கரிவேலை எதற்கு?" என்றது மறு கட்சி. கைவேலையை இழிவென்போர்க்கு நான் மறுமொழி கூறப்போவதில்லை; நடுவழியில் டயர் மாற்ற நேரும் நாளில் அவர்கள் தாமே தெளிவடைவார்கள். எது வீட்டில் செய்யத்தக்கது, எது தகாதது என்பதே என் கேள்வி.

என் ஊர் உதியன்குளங்கரை. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே, களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் பெருவழியில் உள்ளது. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை பிரிந்ததே ஒழியச் சாலைப் பள்ளங்கள் பிரியவில்லை! இடவப்பாதி மழையில் பள்ளம் நீர் நிறைந்து சமதரைபோல் தோன்றும். அதில் விழுந்த சக்கரத்தின் உள்விளிம்பு நெளியும். ஓரக்கல்லில் உரசினால் வெளிவிளிம்பு சிராயும்.

சிராய்ப்பு தோல் காயந்தான். அதை வீட்டில் ஆற்றலாம். சக்கரத்தைக் கழற்றிக் கழுவி, எண்ணெய்ப் பசை போகத் தின்னரால் துடைத்து, மேடுகளை அரத்தால் அராவி, 80ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 400, 600 என்று தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். ஆழ்ந்த கீறலுக்குப் பட்டி. பின் பிரைமர், சாயம், கிளியர் லாக்கர். ஒவ்வொரு பூச்சும் உலரக் காத்திருப்பதுதான் வேலையில் பெரும்பகுதி. நட்டு அமரும் குழியிலும், சக்கரம் அச்சோடு பொருந்தும் பின்முகத்திலும் சாயம் படலாகாது. பட்டால் அது நசுங்கி, நட்டின் இறுக்கம் தளரும்.

நெளிவும் விரிசலும் வேறு இனம். நெளிந்த விளிம்பைக் கண்டதும், நெருப்புக் காட்டிச் சுத்தியலால் தட்டிவிடலாம் என்போர் உண்டு. மாட்டு வண்டி கற்பித்த நம்பிக்கை அது என்பது என் கருத்து. மரச் சக்கரத்தைவிடச் சற்றே சிறிதான இரும்புப் பட்டையைக் கொல்லர் தீயிலிட்டு விரியச் செய்து மாட்டுவார்; நீர் ஊற்றியதும் அது சுருங்கி மரத்தை இறுக்கும். அங்கே நெருப்பு நண்பன். அலாய் வீலுக்கோ பகைவன். அது பெரும்பாலும் அலுமினியத்தில் ஏறத்தாழ 7 விழுக்காடு சிலிக்கனும் சிறிது மக்னீசியமும் கலந்து வார்த்தது. வார்த்தபின் 540 பாகை செல்சியஸ் அளவில் மணிக்கணக்கில் சூடாக்கி, நீரில் அமிழ்த்தி, மீண்டும் 150 பாகையை ஒட்டிப் பதப்படுத்துவார்கள். அதன் வலிமை அந்த உலைக் கணக்கில் பிறந்தது. ஊதுவிளக்கு அக்கணக்கைக் கலைத்துவிடும். இரும்பு சிவந்து தன் சூட்டைச் சொல்லும். அலுமினியம் உருகும்வரை ஒன்றும் சொல்லாது. விளிம்பு வட்டத்துக்குத் திரும்பலாம், வலிமை திரும்பாது.

1924இல் புகாட்டி நிறுவனம் தன் 35ஆம் வகைப் பந்தயக் காருக்கு அலுமினியச் சக்கரம் பூட்டியபோது எடையைக் குறைப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. இன்றோ நம்மவர் அழகுக்காக வாங்குகிறோம். ஆகவே அழகை மட்டுமே பழுது பார்க்கிறோம். இதைவிடக் கொடுமை, விரிசலின் மேல் பட்டியும் சாயமும் பூசி வண்டியை விற்பது. இதைத் திறமை என்று மெச்சுவோரும் இருக்கின்றனர். நான் அதை வஞ்சனை என்பேன். அவ்வண்டியை வாங்குபவர் யார்? முதல் வேலை கிடைத்து, கடன் பட்டுப் பழைய கார் வாங்கி, தாய் தந்தையரை ஏற்றிச் செல்லும் நம் போன்றவர் அல்லரோ?

வாங்கப் போகும் அண்ணன்மார் வெளிமுகப் பளபளப்பில் மயங்காமல், குனிந்து உள்விளிம்பைத் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் புதுச் சாயம் தடித்திருந்தாலோ, ஒரு டயரில் மட்டும் காற்று மெல்ல இறங்கினாலோ, டயரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வண்டியே வேண்டாம்.

உங்கள் சக்கரமே விரிசல் கண்டால், பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடுங்கள். புது அலுமினியம் ஆக்கத் தேவைப்படும் ஆற்றலில் ஏறத்தாழ 20இல் ஒரு பங்கே அதை உருக்கி மீண்டும் பயன்படுத்தப் போதும். கொடுக்குமுன் சுத்தியலால் விளிம்பை உடைத்துவிடுங்கள், வேறொருவர் அதற்குச் சாயம் பூசாதிருக்க.