கரையும் ஸ்டென்ட்டுக்குப் பொறுமை தேவை

அடைப்பு நீக்கிய இதய ரத்தக்குழாயைத் தாங்கிப்பிடிக்க ஸ்டென்ட் சில மாதங்கள் இருந்தால் போதும். குழாய்ச் சுவர் ஆறிய பிறகு அதற்கு வேலை இல்லை. ஆனாலும் அந்த உலோக வலை ஆயுள் முழுக்க உள்ளேயே கிடக்கிறது. வேலை முடிந்ததும் கரைந்துவிடும் உலோகத்தை ஆய்வாளர்கள் தேடுவது இதனால்தான். குழந்தைகளுக்கு இந்தத் தேவை இன்னும் அதிகம். உடலோடு ரத்தக்குழாயும் வளரும், ஸ்டென்ட் வளராது. குறைமாதக் குழந்தையொன்றின் நுரையீரல் தமனியில் மெக்னீசிய ஸ்டென்ட் பொருத்திய செய்தி 2005-லேயே ஜெர்மனியிலிருந்து வந்தது.

எந்த உலோகம் என்பதில்தான் சிக்கல். மெக்னீசியம் சீக்கிரம் அரிபடுகிறது. இரும்பு வலுவானது, ஆனால் ஆண்டுக்கணக்கில் கரையாது. அதன் துருவும் திசுவில் தங்கிவிடுகிறது. துத்தநாகம் கரையும் வேகம் ஏறக்குறையப் பொருத்தம், ஆனால் தனியாக அதற்கு வலிமை போதாது.

பாலிமரால் ஆன ‘அப்சார்ப்’ என்ற கரையும் ஸ்டென்ட் 2016-ல் அமெரிக்க அனுமதி பெற்றது. ரத்தம் உறையும் அபாயம் அதில் கூடுதல் என ஆய்வுகள் காட்டின. மறு ஆண்டே விற்பனை நின்றது. அந்தப் பாடத்தை மறக்கக்கூடாது.

2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்ட்டுக்கு உச்ச விலை நிர்ணயித்தபோது கரையும் வகையையும் 29,600 ரூபாய் வரம்புக்குள் கொண்டுவந்தது. சரியான முடிவு. ஆனால் விலைக் கட்டுப்பாடு மட்டும் நோயாளியைக் காக்காது. பொருத்தப்படும் ஒவ்வொரு கரையும் ஸ்டென்ட்டையும் பல ஆண்டுகள் கண்காணித்து, முடிவுகளை வெளியிடுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.