கூலிங் இருக்கா?

ஒயின் ஷாப் பக்கம் போகிறவரா நீங்கள்? போகாதவர் என்றால் சந்தோஷம், அப்படியே இருங்கள். போகிறவர் என்றால், ஒரு சாயங்காலம் ஓரமாக நின்று, பீர் வாங்க வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். இரண்டே கேள்விதான். 'கூலிங் இருக்கா?' அடுத்தது, 'ஸ்ட்ராங்கா?' எப்போது தயாரித்தது, ருசி எப்படி... மூச்!

எனக்கும் சிதம்பரத்து நண்பர் ஒருவருக்கும் ஒரு போட்டி உண்டு. நான் கடலூர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புதுச்சேரி போவோம். பஸ்ஸில்தான். பைக்குக்கு அன்று லீவு. புதுசாக வந்திருக்கும் பீரில் ஆளுக்கு ஒன்று வாங்குவோம். கண்ணைத் துண்டால் கட்டிக்கொள்ள வேண்டும். எதிரே மூன்று டம்ளர். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்லணும். இது எங்கள் மூளையில் உதித்ததில்லை. 1940-களிலேயே டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் கையாண்ட முறை. கேட்க சுலபம், உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

முதல் தடவை, ஊரெல்லாம் குடிக்கிற இரண்டு லாகர்களை ஐஸ் மாதிரி சில்லென்று வைத்து ஆரம்பித்தோம். இரண்டு பேருமே ஃபெயில். குளிரில் நாக்கு மரத்துப்போகிறது, வாசனையும் எழும்புவதில்லை. அதே பாட்டில்களைக் கால்மணி நேரம் மேஜையில் வைத்துவிட்டுக் குடித்தோம். ஒன்றில் வேகவைத்த மக்காச்சோள வாசனை. இன்னொன்றில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை! அட்டைப்பெட்டி அடித்தால் பீர் பழசு, அல்லது சூட்டில் கிடந்தது என்று அர்த்தம். அக்னி நட்சத்திர வெயிலில் லாரியில் வேகிற சரக்கு வேறெப்படி இருக்கும்? ஆக, 'கூலிங் இருக்கா' என்பவர் உண்மையில் என்ன கேட்கிறார் தெரியுமா? 'இதன் ருசி எனக்குத் தெரியாமல் பார்த்துக்கோ' என்கிறார்.

இன்னொரு தடவை பெல்ஜியம் பாணி கோதுமை பீர் ஒன்று கிடைத்தது. நண்பர் முகர்ந்த மாத்திரத்தில், 'யோவ், ரசப்பொடிய்யா இது!' என்றார். சிரித்தேன். ஆனால், தப்பில்லை. அந்த ரகத்துக்குக் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுவது பெல்ஜியத்தில் பழைய வழக்கம். அன்றைக்கு அவர்தான் ஜெயித்தார்.

ஜெயிக்காமல் என்ன? சிதம்பரத்துக்காரர். கொத்சுக்குக் கத்தரிக்காயைச் சுட்டார்களா, வதக்கினார்களா என்று ஒரு வாய் வைத்ததும் சொல்லி, அரைமணி நேரம் சண்டையும் போடுவார். எங்கள் முதுநகர் துறைமுகத்தில் மீன் வாங்குகிற அம்மாக்களைப் பாருங்கள். செவுளைத் தூக்கிப் பார்த்தே ஐஸ் மீனைத் தள்ளிவிடுவார்கள். நமக்கு நாக்கு இல்லை என்று யார் சொன்னது? பீர் வாங்கப் போகும்போது மட்டும் அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகிறோம்.

கழற்ற வைத்ததில் அரசுக்கும் பங்குண்டு. 2003-லிருந்து தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை டாஸ்மாக்கின் ஏகபோகம். அது வாங்கி அடுக்கியதுதான் நமக்கு. மாலுக்குள் போகிற கனவான்களுக்கு எலைட் கடை, மற்றவர்களுக்குக் கம்பிவலை. ஒரே கடைக்காரர் என்றால் கம்பெனிகள் ருசிக்காக ஏன் மெனக்கெட வேண்டும்? ஆல்கஹாலை ஏற்றினால் போதாதா? 5 சதவிகிதத்துக்கு மேல், 8 வரை இருந்தால் அது ஸ்ட்ராங் பீர். இந்தியாவில் விற்பதில் பெரும்பகுதி அதுதான். காசுக்கு எவ்வளவு ஏறும் என்கிற கணக்கு.

கடலூரிலிருந்து இருபது சொச்சம் கிலோமீட்டரில் புதுச்சேரி. 1690-ல் ஆங்கிலேயர் வாங்கிய செயின்ட் டேவிட் கோட்டை இந்தப் பக்கம். பிரெஞ்சுக்காரன் அந்தப் பக்கம். இரண்டு பேரும் மூட்டை கட்டியாச்சு. அந்த எல்லைக்கோட்டை இன்னும் ஞாபகம் வைத்திருப்பது மதுவிலக்குப் போலீஸும் குடிமகன்களும்தான். அந்தக் குடிமகன்களும் ருசி தேடிப் போகவில்லை, மலிவு தேடித்தான் போகிறார்கள் என்பது வேறு விஷயம்.

'குடிக்கு வக்காலத்தா?' என்று கார்டு போடத் தயாராகிறீர்கள். பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவுமே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. மறுக்கவில்லை. மொத்தமாக மூடு என்று ஒருவர் சொன்னால் அவரோடு பேசலாம். பாட்டிலில் 'கேடு' என்று அச்சடித்து, அதையே விற்று கஜானாவை நிரப்பிக்கொண்டு, குடிக்கிறவனுக்குப் போதையைத் தவிர வேறெதையும் கண்ணில் காட்டாத ஏற்பாட்டைத்தான் தாங்க முடியவில்லை. எங்கள் போட்டியில் ஆளுக்கு ஒரு பாட்டிலைத் தாண்டியதே கிடையாது. தாண்டினால் மூன்று டம்ளரும் ஒன்றாகத்தான் தெரியும், தோற்றுப்போவோம்.

ஸ்கோர் இப்போது ஏழுக்கு ஐந்து. நண்பர்தான் முன்னால். அடுத்த தடவை ஜலதோஷத்தோடு வரும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.