அடுத்த முறை குழந்தைகளைக் கடைசியில் நிறுத்தாதீர்கள்

பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்குநர் அவர்களுக்கு,



கொரோனாவைப் பற்றிப் பேச இப்போது யாருக்கும் மனமில்லை. முகக்கவசங்கள் பீரோவின் அடித்தட்டுக்குப் போய்விட்டன. வாசலில் ஒட்டிய தனிமைப்படுத்தல் அறிவிப்பின் பசைத் தடம்கூடப் பல வீடுகளில் வெள்ளையடிப்பில் மறைந்துவிட்டது. இந்த நேரத்தில் இந்த மடலை எழுதக் காரணம், தொற்று வந்து கதவைத் தட்டும்போது அவசரத்தில் எழுதப்படும் விதிமுறைகள் எப்படி இருக்கும் என்பதை 2020-இல் எல்லோரும் பார்த்துவிட்டதுதான். நிதானமாக எழுத அமைதிக்காலம்தான் சரி.

நாங்கள் கேட்க வந்த விஷயம் சின்னதாகத் தோன்றும்: தீம் பார்க்குகள். 2021 மே மாதத்தில் சென்னையின் அரசு மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றதைப் பார்த்த மாநிலத்தில், ராட்டினத்துக்காக ஒரு தலையங்கமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். ஒரு தொற்றுக்காலத்தில் எதை முதலில் திறந்தோம், எதைக் கடைசியில் திறந்தோம் என்ற பட்டியலில் ஒரு சமூகத்தின் முன்னுரிமைகள் ஒளிவுமறைவில்லாமல் தெரிந்துவிடும்.

அந்தப் பட்டியலைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். 2020 மார்ச் நடுவில் பள்ளிகள், திரையரங்குகள், வணிக வளாகங்களோடு பொழுதுபோக்குப் பூங்காக்களும் மூடப்பட்டன. சரியான முடிவு, அன்று யாருக்கும் எதுவும் தெரியாது. திறப்பு தொடங்கியபோதுதான் கணக்கு கோணலானது. சென்னையில் டாஸ்மாக் கடைகள் ஆகஸ்ட் 18-இல் திறந்தன. குளிரூட்டிய வணிக வளாகங்களுக்கு செப்டம்பர் 1-இல் அனுமதி கிடைத்தது. திரையரங்குகளும் பொழுதுபோக்குப் பூங்காக்களும் ஒரே ஆணையில் நவம்பர் 10-இல் திறக்கப்பட்டன. மெரினா கடற்கரையில் மக்கள் கால் வைக்க டிசம்பர் 14 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காற்று அடைபட்ட இடங்கள் முதலில், கடற்காற்று வீசும் மணல்வெளி கடைசியில்! காற்றில் பரவும் ஒரு நோய்க்கு இதைவிடத் தலைகீழான வரிசையைத் திட்டமிட்டுக்கூடப் போட்டிருக்க முடியாது.

ஏன் இப்படி நடந்தது என்று தேட வேண்டியதில்லை. திரையரங்குகளுக்குச் சங்கம் உண்டு. பொங்கல் வெளியீடு உண்டு. 2021 ஜனவரியில் நூறு விழுக்காடு இருக்கைகளுக்கு அனுமதி தந்த அரசு, மத்திய அரசு கடிதம் எழுதிய பிறகு சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. அதே பொங்கலில் காணும் பொங்கலுக்குக் கடற்கரை மூடப்பட்டது. கட்டுச்சோற்றைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளோடு கிளம்பும் குடும்பங்களுக்குக் கோட்டையில் போய்ப் பேச ஆளில்லை. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளோ 2021 நவம்பர் 1 வரை பள்ளி வாசலையே பார்க்கவில்லை. ஒன்றரை ஆண்டுக்கு மேல் நான்கு சுவருக்குள் ஒரு செல்போனோடு கிடந்த ஏழு வயதுக் குழந்தைக்கு ஊஞ்சலும் சறுக்குமரமும் ஆடம்பரம் என்று யாராவது சொன்னால், அவர் குழந்தை வளர்த்தவராக இருக்க முடியாது.

இனி அந்த விதிமுறைகளுக்கு வருவோம். பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கான வழிகாட்டு நெறிமுறையை மத்திய சுகாதார அமைச்சகம் 2020 அக்டோபரில் வெளியிட்டது. ஆறடி இடைவெளி, முகக்கவசம், வாசலில் வெப்பமானி, அடிக்கடி கிருமிநாசினி. அன்று எல்லா இடத்துக்கும் பொதுவாகச் சொல்லப்பட்ட அறிவுரையும் சேர்ந்தே வந்தது: 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், கர்ப்பிணிகள், நாள்பட்ட நோய் உள்ளவர்கள், 10 வயதுக்குட்பட்ட குழந்தைகள் வீட்டிலேயே இருப்பது நல்லது. தாத்தா பாட்டி வேண்டாம், குழந்தையும் வேண்டாம் என்றால், தீம் பார்க்குக்கு யார்தான் போவது? கல்லூரிப் பையன்கள் போவார்கள், போனார்கள். குடும்பத்துக்கென்றே கட்டப்பட்ட ஓர் இடத்தைத் திறந்துவைத்துவிட்டு, குடும்பத்தை மட்டும் வெளியே நிறுத்திய விநோதத்தை அன்று யாரும் கேள்வி கேட்கவில்லை.

பிழையின் வேர், விதிமுறை எழுதியவர்கள் மனிதரைத் தனித்தனி ஆளாகவே எண்ணியதில் இருக்கிறது. நம் ஊரில் தீம் பார்க்குக்குத் தனி ஆளாக யாரும் போவதில்லை. ஒரே வீட்டில் தூங்கி, ஒரே குண்டாவில் சாப்பிட்டு, ஒரே காரில் ஒட்டி உட்கார்ந்து வந்த ஐந்து பேரை ராட்டினத்தில் மட்டும் ஒருவர் விட்டு ஒருவராக உட்காரச் சொல்வதால் எந்தக் கிருமிக்கும் நஷ்டமில்லை. அந்த ஐந்து பேருக்கும் அடுத்த ஐந்து பேருக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு கூண்டில் ஒரு குடும்பம் என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் வேலை முடிந்திருக்கும். அந்த வரி எங்கும் அழுத்தமாக ஒலிக்கவில்லை.

அடுத்தது காற்று. உங்கள் அலுவலகத்துக்குக் காற்றைப் பற்றி நாங்கள் பாடம் எடுக்க வரவில்லை. 2020 ஏப்ரலில் திருப்பூரில் தொடங்கி ஊர் ஊராகக் கிருமிநாசினிச் சுரங்கங்கள் முளைத்தபோது, அவற்றால் பயனில்லை, கெடுதல்தான் என்று மாவட்டங்களுக்கு எழுதி நிறுத்தச் சொன்னது உங்கள் இயக்குநரகம். அந்தத் துணிவைப் பாராட்டுகிறோம். அதே அறிவியல் பார்வை பூங்காக்களின் பக்கம் மட்டும் ஏன் திரும்பவில்லை என்பதுதான் எங்கள் ஆதங்கம். கைப்பிடிக் கம்பியை மணிக்கொரு தரம் துடைத்தார்கள். கம்பியைவிடக் காற்றில்தான் ஆபத்து அதிகம் என்பது 2021-இல் உலக சுகாதார நிறுவனமே தெளிவாக ஒப்புக்கொண்ட பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு தீம் பார்க்கில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று, டிக்கெட் வாங்கிப் பிள்ளைகளோடு ஒரு நாள் அலைந்த எந்த அம்மாவைக் கேட்டாலும் சொல்வார். உயரத்தில் சுழலும் ஜெயன்ட் வீலில் இல்லை. குளோரின் கலந்த அலைக்குளத்துத் தண்ணீரிலும் இல்லை. குளத்திலிருந்து ஏறியதும் ஈரத்தோடு நூறு பேர் முண்டியடிக்கும் உடை மாற்றும் அறையில் இருக்கிறது. நைலான் உடை வாடகைக்குத் தரும் கவுண்டரில் இருக்கிறது. பனி அறையிலும் பேய் வீட்டிலும் சின்னத் திரையரங்கிலும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாகச் சாப்பாட்டுக் கூடத்தில்! காம்போ டிக்கெட் வாங்கியவர்கள் அத்தனை பேரும் மதியம் ஒரு மணிக்கு ஒரே ஏசி கூடத்தில் உட்கார்ந்து, முகக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசிக்கொண்டே சாப்பிடுகிறார்கள். பிறகு ஒன்று: விழுப்புரத்திலிருந்தோ வேலூரிலிருந்தோ கண்ணாடியை ஏற்றிவிட்டு, பாட்டைப் போட்டுக்கொண்டு, மூன்று குடும்பங்கள் சேர்ந்து வரும் வேன். பூங்காவுக்குள் நுழையும் முன்பே பரவ வேண்டியது பரவி முடிந்திருக்கும். இவற்றில் ஒன்றைக்கூட ஆறடி வட்டம் போட்டுச் சரிசெய்ய முடியாது. சாப்பாட்டைத் திறந்த வெளிக்குக் கொண்டுவரலாம். உடை மாற்றும் அறைக்கு ஆள் கணக்கு வைக்கலாம். மூடிய அறைக் காட்சிகளைப் பூட்டிவைத்துவிட்டுத் திறந்தவெளி ராட்டினங்களை மாதங்களுக்கு முன்பே ஓடவிட்டிருக்கலாம்.

வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மாட்டோம். ஃபுளோரிடாவில் டிஸ்னி வேர்ல்டு 2020 ஜூலை 11-இல் திறந்தது. மறுநாள் அந்த மாநிலம் அறிவித்த புதிய தொற்றுகள் 15,000-ஐத் தாண்டின. அந்தத் தொற்றுகள் பூங்காவிலிருந்து வந்தவை அல்லதான். ஆனாலும் ஊர் பற்றி எரியும்போது கதவைத் திறந்த முடிவை நியாயப்படுத்த முடியாது. அதே நிறுவனத்தின் கலிஃபோர்னியா பூங்கா, அந்த மாநில அரசின் நீண்ட தடைக்குப் பிறகு, 2021 ஏப்ரல் 30-இல்தான் திறந்தது. இடையில் அதன் வாகன நிறுத்துமிடம் தடுப்பூசி மையமாகப் பயன்பட்டது. ஷாங்காய் டிஸ்னிலேண்டில் 2021 அக்டோபர் 31 அன்று, வந்துபோன ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்ததும் கதவைச் சாத்தி, உள்ளே இருந்தவர்களையும் முந்தைய நாள் வந்தவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 34,000 பேருக்குப் பரிசோதனை செய்தார்கள். மேலே வாணவேடிக்கை, கீழே கவச உடையில் பரிசோதனைக்காரர்கள். குழந்தைகள் அந்த இரவை எப்படி நினைவில் வைத்திருப்பார்களோ! ஜப்பானில் ரோலர் கோஸ்டரில் வாய்விட்டுக் கத்த வேண்டாம், மனதுக்குள் கத்திக்கொள்ளுங்கள் என்றார்கள். உலகமே சிரித்தது. கத்தும்போது எச்சில் துளிகள் அதிகம் தெறிக்கும் என்பதால் அதில் பாதி அறிவியல் இருந்தது. மீதிப் பாதி, நம்மூர்ப் பிள்ளைகளிடம் செல்லுபடியாகாது.

இந்த நாடுகளிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கவை இரண்டு. முன்பதிவு இல்லாமல் உள்ளே விடாதது. சில பூங்காக்களில் ஊர்வலத்தையும் வாணவேடிக்கையையும் நிறுத்தி, கூட்டம் ஓரிடத்தில் குவியாமல் பார்த்துக்கொண்டது. இரண்டுக்கும் பெரிய செலவு கிடையாது.

எங்களுக்கு மிகவும் உறுத்துவது, வாசலில் நெற்றிக்கு நேராக நீட்டிய அந்த வெப்பமானித் துப்பாக்கி. அறிகுறியே இல்லாமல் பரப்பும் நோய்க்கு அது எந்த அளவுக்குக் காவல் என்பது உங்களுக்குத் தெரியும். அறிகுறி இருந்தாலும் அதை ஏமாற்ற ஒரு பாராசிட்டமால் போதும். நடுத்தரக் குடும்பம் ஒன்று நான்கு டிக்கெட்டுக்கு ஆயிரக்கணக்கில் கட்டிவிட்டது. கிளம்பும் காலையில் சின்னவளுக்கு உடம்பு லேசாகச் சுடுகிறது. டிக்கெட்டில் பொடி எழுத்தில் இருக்கிறது, பணம் திருப்பித் தரப்படாது என்று. அந்த வீட்டில் என்ன நடக்கும்? மருந்தை ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கிளம்புவார்கள். அந்தப் பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. பணம் திரும்பாத டிக்கெட் நோயைப் பரப்பும் கருவியாகிறது. தொற்றுக் காலத்தில் காய்ச்சல் என்று சொன்னால் கேள்வி கேட்காமல் முழுப் பணமும் திரும்ப வேண்டும், அல்லது தேதியை மாற்றிக்கொள்ள விட வேண்டும். பூங்கா திறக்க அனுமதி கேட்டு வருபவரிடம் இதை நிபந்தனையாக வையுங்கள். ஆயிரம் வெப்பமானிகள் செய்யாததை இந்த ஒரு நிபந்தனை செய்யும். இதை நுகர்வோர் பிரச்சினை என்று வேறு துறைக்குத் தள்ளிவிடாதீர்கள். இது நோய்த்தடுப்பு, உங்கள் வேலை.

அதே நியாயம் உள்ளே வேலை பார்ப்பவர்களுக்கும் பொருந்தும். பெல்ட்டை மாட்டிவிடும் பையன், குளத்தோரம் விசிலோடு நிற்கும் பெண், கரடி வேஷத்துக்குள் வேர்த்துக் கொட்டும் ஆள். இவர்களில் பலர் நாள்கூலிக்கோ ஒப்பந்தக்காரர் மூலமோ வருபவர்கள். காய்ச்சல் என்று சொன்னால் அன்றைய கூலி போகும் என்றால், அவர்கள் சொல்ல மாட்டார்கள். வண்டலூரை நினைத்துப் பாருங்கள். 2021 ஏப்ரலிலேயே பார்வையாளர்களுக்கு மூடப்பட்ட உயிரியல் பூங்கா அது. ஜூனில் அங்கே சிங்கங்களுக்குக் கொரோனா வந்தது, இரண்டு இறந்தன. வெளிக்கதவைச் சாத்தினால் நோய் வெளியே நின்றுவிடும் என்று நம்ப முடியாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. உள்ளே வந்துபோகும் ஊழியருக்குச் சம்பளத்தோடு நோய் விடுப்பு என்பது கருணை அல்ல, நோய்த்தடுப்பின் முதல் படி.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். தொற்று உச்சத்தில் இருக்கும் வாரங்களில் பூங்காக்கள் மூடியே இருக்க வேண்டும். அப்போது திறக்கச் சொல்லி யாராவது வந்தால், எங்கள் பத்திரிகை உங்கள் பக்கம் நிற்கும். 2014 டிசம்பரில் கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் தொடங்கிய தட்டம்மை பல மாநிலங்களுக்குப் பரவியதையும் மறக்கவில்லை. நாலா ஊர் மக்களும் ஒரே நாளில் கூடிக் கலைந்து போகும் இடத்துக்கு அந்த ஆபத்து உண்டு. தடுப்பூசி போடாத கூட்டத்தில் அது இன்னும் பெரிது. நாங்கள் கேட்பது, குறையத் தொடங்கிய பிறகு எதை எந்த வரிசையில் திறப்பது என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும் என்பதைத்தான்.

இந்தியாவுக்கே முன்மாதிரியாக 1939-இலேயே பொது சுகாதாரச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. அந்த மரபில் வந்த உங்கள் அலுவலகம், அடுத்த தொற்றுக்கான திறப்பு விதிகளின் வரைவை இப்போதே தயாரித்து மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். கட்டடத்தின் பெயரைப் பார்க்காமல் காற்றோட்டத்தைப் பார்த்து இடங்களைத் தரம் பிரியுங்கள். கடற்கரையும் விளையாட்டுத் திடலும் திறந்தவெளி ராட்டினமும் மதுக்கடைக்கும் மாலுக்கும் முன்னால் வரட்டும். ஆள் கணக்கோடு குடும்பக் கணக்கும் இருக்கட்டும். தாத்தா பாட்டிகளும் சின்னப் பிள்ளைகளும் நெரிசலில்லாமல் வந்துபோக வாரநாட்களின் காலை நேரத்தை ஒதுக்குங்கள். பணம் திரும்பும் டிக்கெட்டையும் ஊழியரின் நோய் விடுப்பையும் அனுமதியின் நிபந்தனை ஆக்குங்கள். வரைவு எழுதும் குழுவில் மருத்துவரோடும் அதிகாரியோடும், பிள்ளைகளைத் தீம் பார்க்குக்கு அழைத்துப்போன தாய் தகப்பன் இரண்டு பேரையாவது உட்காரவையுங்கள்.

வரைவு வெளியாகும் நாளில் அதை முழுமையாக அச்சிட இந்த இதழ் பக்கம் ஒதுக்கித் தரும்.

இப்படிக்கு,
ஆசிரியர் குழு